மணிக்கட்டிலிருந்து முழங்கைக்கு

கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் தொட்டபடி மணிக்கட்டைச் சற்று உள்பக்கம் மடக்கிப் பாருங்கள். நடுவே கயிறுபோல ஒரு தசைநாண் புடைத்து நிற்கும். சிலருக்குப் பிறவியிலேயே அது கிடையாது. அதனால் அவர்களுக்கு எந்தக் குறையும் இல்லை. இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான் என்ற இந்த நாண், பந்து எறிபவர்களின் முழங்கைக்கு மறுபிறவி கொடுத்த கதை சுவாரசியமானது.

1946-இல் ஈட்டி எறிதலுக்குப் பேர்போன பின்லாந்தில், வாரிஸ் என்ற மருத்துவர் ஈட்டி வீரர்களின் முழங்கைக் காயங்களைப் பற்றி எழுதினார். வேகமாக எறியும்போது முழங்கையின் உள்பக்க மூட்டைப் பிடித்துவைத்திருக்கும் தசைநார் இழுபட்டுக் கிழிகிறது. காரணம் தெரிந்தும் வைத்தியம் இல்லை. பேஸ்பாலில் பந்து எறியும் ‘பிட்சர்’களுக்கு இந்தத் தசைநார் அறுந்தால் ஆட்ட வாழ்க்கை முடிந்தது என்றே பொருள்.

வைத்தியத்துக்கான வித்தை வேறு இடங்களில் வளர்ந்துகொண்டிருந்தது. 1940-களின் இறுதியிலிருந்து, நம் வேலூர் சி.எம்.சி.யில் பால் பிராண்ட், தொழுநோயால் விரல்கள் மடங்கிப்போன கைகளில் தசைநாண்களை இடம்மாற்றித் தைத்து, அவற்றை மீண்டும் வேலை செய்ய வைத்தார். போலியோவால் செயலிழந்த கைகால்களுக்கும் உலகின் பல மருத்துவமனைகளில் இதே வழியைக் கையாண்டார்கள். அப்படிப்பட்ட அறுவை சிகிச்சைகளைக் கண்டு பழகியவர் லாஸ் ஏஞ்சலஸின் ஃபிராங்க் ஜோப். டாட்ஜர்ஸ் பேஸ்பால் அணியின் மருத்துவர்.

1974 ஜூலையில் அந்த அணியின் இடக்கை பிட்சர் டாமி ஜான், பந்தை எறியும்போதே தசைநார் அறுந்து களத்தைவிட்டு வெளியேறினார். செப்டம்பர் 25 அன்று ஜோப், அவருடைய வலது கையிலிருந்து அந்த உபரி நாணை எடுத்தார். இடது முழங்கை எலும்புகளில் துளையிட்டு, 8 என்ற எண்ணின் வடிவில் நாணைக் கோத்து இறுக்கிக் கட்டினார். பழையபடி பந்து எறிவதற்கு நூற்றில் ஒரு வாய்ப்புதான் என்று முன்பே சொல்லியிருந்தார்.

முதலில் அந்த ஒரு வாய்ப்பும் போய்விடும்போல இருந்தது. முழங்கை வழியே ஓடும் நரம்பு பாதிக்கப்பட்டு டாமி ஜானின் விரல்கள் மடங்கிக்கொண்டன. வேலூரில் பிராண்ட் சரிசெய்த கைகளும் இதே நரம்பு கெட்டதால் மடங்கியவைதாம். டிசம்பரில் மறுபடி கத்தி வைக்க வேண்டியிருந்தது. 1975 முழுவதும் அவர் ஆடவில்லை. பொறுமையாகப் பயிற்சி செய்தார். ஒட்டவைத்த நாணில் புதிய ரத்தக்குழாய்கள் படர்ந்து, அது தசைநாராகவே மாற மாதக்கணக்காகும். அவசரப்பட்டால் எல்லாம் பாழ். 1976 ஏப்ரலில் திரும்பி வந்தவர், 1989 வரை ஆடி மேலும் 164 ஆட்டங்களை வென்றார். சிகிச்சைக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது.

ஜோப் அடுத்த நோயாளிக்கு இதைச் செய்தது 1978-இல்தான். 1983-இல் ஜப்பானின் சோஜி முராதா கடல் கடந்து அவரிடம் வந்தார். பிட்சரின் கையில் கத்தி படவே கூடாது என்று ஜப்பானில் நம்பிய காலம் அது. 1985-இல் முராதா, ஞாயிறுதோறும் களமிறங்கித் தொடர்ந்து 11 ஆட்டங்களில் வென்றபோது அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது.

பிறகு வந்தவர்கள் ஜோப்பைப் பின்பற்றியதோடு மெருகும் ஏற்றினார்கள். தசையை அறுத்து விலக்காமல் இழைகளைப் பிரித்து உள்ளே போனார்கள். நியூயார்க்கின் டேவிட் ஆல்ட்செக் துளைகளைக் குறைத்தார். 2013-இல் அலபாமாவின் ஜெஃப்ரி டூகாஸ், கிழிந்த தசைநாரையே தைத்து, வலுவான நாடா ஒன்றைத் துணைக்கு வைத்தார். இதற்கு ஏற்ற காயம் உள்ளவர்கள் ஓராண்டுக்கும் மேல் காத்திருக்காமல் முன்னதாகவே ஆடத் திரும்ப முடிகிறது. முழங்கையில் இருமுறை அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஜப்பானின் ஷோஹெய் ஒடானி, 2025-இல் அதே டாட்ஜர்ஸ் அணிக்காகப் பந்து எறிந்தார்.

இந்த வெற்றியே ஒரு ஆபத்தையும் கொண்டுவந்திருக்கிறது. சிகிச்சைக்குப் பின் வேகம் கூடும் என்று நம்பி, நல்ல முழங்கையிலேயே அதைச் செய்துகொள்ளலாம் என்று நினைக்கும் இளைஞர்களும் பெற்றோர்களும் அமெரிக்காவில் உண்டு. ஆனால் புது நாண் வேகம் தராது. மாதக்கணக்கான ஒழுங்கான பயிற்சிதான் உடலைத் தேற்றுகிறது. கை களைத்த பிறகும் அடிக்கடி எறிந்த பள்ளி வயது பிட்சர்களுக்கு அறுவை சிகிச்சை தேவைப்படும் வாய்ப்பு 36 மடங்கு அதிகம் என்று 2006-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. ஈட்டியோ பந்தோ எறியும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், கை வலிக்கிறது என்று சொல்லும் அன்றே எறிவதை நிறுத்தச் சொல்லுங்கள்.