கியாந்தி வைனும் முதிர்ச்சியும்

கியாந்தி என்பது இத்தாலியின் டசுக்கனி வட்டாரத்தில் சாஞ்சோவேசே என்னும் கருந்திராட்சையை முதன்மையாகக் கொண்டு செய்யப்படும் சிவப்பு வைன் ஆகும். இது விளையும் நிலத்தின் எல்லையை 1716 இல் மூன்றாம் கோசிமோ தே மெடிச்சி ஆணையிட்டு வகுத்தார்.

இத்தாலியின் பிரதமராக இருமுறை பதவி வகித்த பெத்தினோ ரிக்காசோலி, தமது புரோலியோ கோட்டைத் தோட்டத்தில் பல்லாண்டுகள் சோதனை செய்து, 1872 இல் ஒரு கடிதத்தில் தம் முடிவை எழுதினார். அதன்படி, சாஞ்சோவேசே மணத்தையும் திடத்தையும் தரும். கனயோலோ கடுமையைத் தணிக்கும். மல்வாசியா என்னும் வெள்ளைத் திராட்சை வைனை இலேசாக்கி அன்றாடம் அருந்த ஏற்றதாக்கும். நாள்பட வைக்கும் வைனில் மல்வாசியாவைத் தவிர்க்கலாம் என்றும் அவர் குறித்தார்.

இளம் கியாந்தி மாணிக்கச் சிவப்பும் செர்ரிப் பழச் சுவையும் கொண்டது. முதிரும்போது செங்கல் நிறமேறி, துவர்ப்பு அடங்கி, பதனிட்ட தோல், உலர்ந்த இலை ஆகியவற்றின் மணம் பெறும். வெள்ளைத் திராட்சை மிகுந்தால் நிறமும் துவர்ப்பும் குறைந்து, அந்நிலையை எட்டும் முன்னரே வைன் சோர்ந்துவிடும்.

எனினும் 1967 ஆம் ஆண்டு விதிகள், ரிக்காசோலி காட்டிய வேறுபாட்டைக் கருதாமல், 10 முதல் 30 விழுக்காடு வெள்ளைத் திராட்சையைக் கட்டாயமாக்கின. அந்தினோரி குடும்பத்தார் தமது தினியானெல்லோ வைனை 1975 முதல் வெள்ளைத் திராட்சையின்றிச் செய்தனர். விதிக்கு உட்படாததால் அது வெறும் மேசை வைன் என்றே விற்கப்பட்டது. இறுதியில் 2006 இல் கியாந்தி கிளாசிக்கோவில் வெள்ளைத் திராட்சை அடியோடு விலக்கப்பட்டது.