கொல்லத்தில் அச்சான நாள்

(வானொலியில் ஒலிபரப்பான அக்டோபர் மாத மறையுரையின் எழுத்து வடிவம்)



சில வாரங்களுக்கு முன் பாலக்கரையில் நம் பங்கு அலுவலகத்துக்கு எண்பது வயது தாண்டிய பெரியவர் ஒருவர் பேரனைக் கூட்டிக்கொண்டு வந்தார். "சாமி, எனக்குப் பிறந்த நாள் ரெண்டு இருக்கு. ஆதார் கார்டுல ஜூன் ஒண்ணு. அது பள்ளிக்கூடத்துல சேர்க்கும்போது வாத்தியார் போட்டது. எங்கம்மா சொன்னது ஆடிப்பெருக்குக்கு மறுநாள். உங்க புத்தகத்துல என்ன இருக்குன்னு பார்த்துச் சொல்லுங்க" என்றார். பழைய திருமுழுக்குப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தோம். பிறந்தது ஆகஸ்ட் 3 என்று இருந்தது. அம்மா சொன்னது சரிதான். பெரியவர் அதோடு விடவில்லை. "ஞானத்தாய் பேரு போட்டிருக்கா சாமி?" என்று கேட்டார். போட்டிருந்தது. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, அந்தப் பெயர்மேல் விரலை வைத்து, நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

தேதி கேட்டு வந்தவர் ஆளைப் பார்த்துவிட்டுப் போனார். அதை நினைத்துக்கொண்டேதான் இன்று ஒரு தேதியைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். மறைபரப்பு ஞாயிறு வரும் இந்த மாதத்திலேயே அந்த நாளும் வருகிறது: 1578 அக்டோபர் 20.

அதற்கு முன், பழங்காலத்தில் நாளை எப்படிக் குறித்தார்கள் என்று கொஞ்சம் பார்ப்போம். புனித லூக்கா தம் நற்செய்தியின் மூன்றாம் அதிகாரத்தில், திருமுழுக்கு யோவான் பணி தொடங்கிய காலத்தைத் திபேரியு சீசர் ஆட்சியின் பதினைந்தாம் ஆண்டு என்று குறிக்கிறார். நம் சோழர் கல்வெட்டுகளும் அப்படித்தான். மன்னன் பெயர், அவனுக்கு யாண்டு இத்தனை, பிறகுதான் செய்தி. கி.பி. என்ற கணக்கு அப்போது இல்லை. தியோனீசியுஸ் என்ற துறவி அதைக் கணித்தது கி.பி. 525-இல்தான்.

குருமடத்தில் நாம் படித்த காலத்தில் பேராசிரியர் ஒருவர் கேட்பார்: "திருத்தூதர் ஒருவர் பெயர்கூட வராத விசுவாசப் பிரமாணத்தில் போஞ்சு பிலாத்துக்கு என்ன வேலை?" நாங்கள் ஏதேதோ இறையியல் சொல்வோம். அவர் சிரித்துவிட்டு, "தேதிப்பா, தேதி!" என்பார். மீட்பு கதையில் நடந்ததல்ல, இன்ன ஆளுநர் காலத்தில் மண்ணில் நடந்தது என்பதற்கு அந்தப் பெயர் முத்திரை. 'போஞ்சு' என்று நம் பாட்டிமார் சொல்லிவந்த உச்சரிப்பு போர்த்துக்கீசியர் வழியாக வந்தது. அதுவும் ஒரு வகையில் காலக்குறிப்புதான்.

காவிரியைத் தாண்டினால் ஸ்ரீரங்கம். அந்நியப் படையெடுப்பால் கோவிலைவிட்டுப் பல ஆண்டுகள் வெளியே இருந்த அரங்கநாதர் திருமேனியை, விஜயநகரத் தளபதி கோபண்ணர் 1371-இல் திரும்பக் கொண்டுவந்து சேர்த்தார். கோவில் சுவரில் அதைச் சொல்லும் கல்வெட்டு அந்த ஆண்டை எண்ணால் எழுதவில்லை. எழுத்துக்கு எண் வைத்துப் படிக்கும் முறையில், ஒரு சொல்லுக்குள் சக ஆண்டு 1293-ஐப் பொதிந்து வைத்திருக்கிறது. சொல்லின் பொருள் உறவினருக்கு இனியது என்பது. ஊருக்குத் திரும்பி வந்ததைக் குறிக்க எவ்வளவு பொருத்தமான சொல்லைத் தேடிப்பிடித்திருக்கிறார்கள், பாருங்கள்! பிற சமயத்தாருடைய கோவில் சுவர் என்றாலும், நம் ஊர்ச் சுவர்.

இப்போது கொல்லத்துக்குப் போவோம். அந்த ஆண்டு அக்டோபர் 20-இல் அங்கே பதினாறே பக்கத்தில் ஒரு சிறு புத்தகம் அச்சாகி முடிந்தது. பெயர் 'தம்பிரான் வணக்கம்'. இந்திய மண்ணில் இந்திய மொழி ஒன்றின் சொந்த எழுத்தில் அச்சான முதல் புத்தகம் என்று நமக்குக் கிடைத்திருப்பது இதுதான். தமிழாக்கியவர் இயேசு சபைத் துறவி அன்ரீக்கே அன்ரீக்கஸ் அடிகளார். போர்த்துக்கல்லில் விலா விசோசா என்ற ஊரில் பிறந்தவர். 1546-இல் கோவாவுக்கு வந்து, அடுத்த ஆண்டே முத்துக்குளித்துறைக்கு வந்து சேர்ந்தார். புனித சவேரியார் அந்தக் கரையில் மனப்பாடம் செய்த சில செபங்களோடு மணி அடித்துக்கொண்டு தெருத்தெருவாகப் போனார். அன்ரீக்கஸோ உட்கார்ந்து மொழியைப் படித்தார், இலக்கணக் குறிப்பு எழுதினார், மக்கள் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்டார். 1600-இல் இறக்கும்வரை ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் அந்தக் கரையை விட்டுப் போகவில்லை.

அச்சு இயந்திரம் நம் நாட்டுக்கு வந்ததே தற்செயலாகத்தான். எத்தியோப்பியாவுக்கு என்று கப்பலில் ஏற்றியது, 1556-இல் கோவாவில் இறங்கி, அங்கேயே தங்கிவிட்டது. தமிழுக்கு ஈய எழுத்து இல்லை. ஜோவான் கொன்சால்வஸ் என்ற ஸ்பெயின் நாட்டுச் சகோதரர் கோவாவில் முதலில் அதற்கு முயன்றார். 'தம்பிரான் வணக்கம்' புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் கோவாவில் 1577-இல் செய்த எழுத்தையும், கொல்லத்தில் 1578-இல் செய்த எழுத்தையும் இரண்டு மாதிரியாக அச்சிட்டுக் காட்டியிருக்கிறார்கள். படித்தால் நமக்குக் கொஞ்சம் திணறும். ஓலையில் எழுதியது போலவே ஒற்றுக்குப் புள்ளி கிடையாது. எகர ஏகார வேறுபாடும் தெரியாது. அதை வீரமாமுனிவர் வந்து சரிசெய்யப் பின்னும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

செலவுக்குப் பணம்? முத்துக் குளித்துப் பிழைத்த பரதவ மக்கள் கொடுத்தார்கள். மூச்சை அடக்கிக் கடலுக்குள் இறங்கிச் சம்பாதித்த காசு. ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும்: 1530-களில் அவர்கள் திருமுழுக்குப் பெற்றதில் போர்த்துக்கீசியப் படையின் பாதுகாப்பைத் தேடியதும் ஒரு காரணம். அதை மறைத்து வரலாறு சொல்வது நமக்கு அழகல்ல. ஆனால் பாதுகாப்புக்காக மட்டும் சேர்ந்தவன், நாற்பது ஆண்டு கழித்துத் தன் மொழியில் செபப்புத்தகம் அச்சிடக் காசு கொடுப்பானா?

சரி, அந்த நாளை நம்மவர்கள் எப்படிச் சொல்லியிருப்பார்கள்? சக ஆண்டு 1500, வட்டமான எண். அறுபது ஆண்டுக் கணக்கில் வெகுதானிய. கொல்லம் ஆண்டு 754. கொல்லம் என்ற ஊரே கி.பி. 825-இல் தொடங்கும் ஓர் ஆண்டுக்கணக்குக்குப் பெயர் கொடுத்த ஊர் அல்லவா? நெல்லை, குமரிப் பக்கத்துப் பழைய பத்திரங்களில் இன்றும் அந்த ஆண்டைப் பார்க்கலாம். இன்னொரு வியப்பு. இப்போது அக்டோபர் பாதி கடந்த பிறகே ஐப்பசி பிறக்கிறது. அன்று இரண்டும் ஏறத்தாழச் சேர்ந்தே பிறந்தன. ஆகவே அக்டோபர் 20 என்றால் ஐப்பசியும் கிட்டத்தட்ட இருபது தேதிதான்.

பிறகு ஏன் விலகிப்போயிற்று? பெரும்பங்கு அடுத்த நான்கு ஆண்டுகளில் நடந்த ஒன்றால். பழைய யூலியன் நாட்காட்டியில் ஆண்டுக்குச் சுமார் பதினோரு நிமிடம் மிகையாக இருந்தது. சேர்ந்து சேர்ந்து, உயிர்ப்புப் பெருவிழாவைக் கணிக்க உதவும் வசந்தகாலச் சமநாள் பத்து நாள் தள்ளிப்போயிற்று. கிளாவியுஸ் என்ற இயேசு சபைக் கணித அறிஞர் உள்ளிட்டோர் கணக்குப் பார்த்துச் சொல்ல, திருத்தந்தை பதின்மூன்றாம் கிரகோரி 1582-இல் பத்து நாள்களை நீக்கிவிட்டார். அக்டோபர் 4-க்கு மறுநாள் 15. அந்த இரவில்தான் அவிலா நகர்ப் புனித தெரேசா ஸ்பெயினில் இறந்தார். இன்று அவர் திருநாளை 15-ஆம் தேதி கொண்டாடுவதற்கு அதுவே காரணம்.

எல்லாரும் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. இங்கிலாந்து 170 ஆண்டு பிடிவாதம் பிடித்தது. அந்தப் பிடிவாதத்தை நம் ஊரே பார்த்திருக்கிறது. 1752 திருச்சி முற்றுகையின்போது கோட்டையில் ஆங்கிலேயர், ஸ்ரீரங்கத்தில் பிரெஞ்சுக்காரர். ஒரே காவிரிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தேதியில் பதினோரு நாள் வித்தியாசம்! ஜூன் மாதத்தில் பிரெஞ்சுத் தளபதி லா சரணடைந்தார். ஆங்கிலேயர் நாட்காட்டியை மாற்றிக்கொண்டது அந்தச் செப்டம்பரில்தான்.

எனவே கொல்லத்து அக்டோபர் 20 இன்றைய கணக்குக்கு அக்டோபர் 30. எதைக் கொண்டாடுவது என்று கேட்டால், புத்தகத்தில் அச்சான தேதியையே வைத்துக்கொள்வோம் என்போம். பெரியவருடைய அம்மா சொன்ன நாளைப் போல, அந்தப் புத்தகமே தன் பிறந்த நாள் என்று சொல்லிக்கொண்ட நாள் அது.

'முதல் தமிழ்ப் புத்தகம்' என்று மேடையில் முழங்குவோர்க்கு ஒரு திருத்தமும் உண்டு. 1554 பிப்ரவரி 11-இல், பின்னாளில் லூர்து அன்னையின் திருநாளான அதே தேதியில், லிஸ்பன் நகரில் ஒரு தமிழ் மறைக்கல்வி நூல் அச்சாகியிருந்தது. மொழி தமிழ், எழுத்து உரோமை எழுத்து, வரிகளுக்கு இடையே போர்த்துக்கீசியப் பொருள். அதில் உழைத்தவர்கள் வின்செந்தே நசரேத், ஜோர்ஜ் கார்வாலோ, தோமா த குரூஸ் என்ற மூவர். கடல் கடந்து போன நம் நாட்டு மக்கள். அவர்களை வீட்டில் என்ன பெயர் சொல்லி அழைத்தார்கள் என்று எந்த ஏடும் சொல்லவில்லை. முதலிடம் எதற்கு என்ற வழக்கில் நாம் கொல்லத்தின் பக்கம்தான். லிஸ்பன் நூல் தமிழ் தெரியாதவர் தமிழ்ச் செபத்தை வாசிக்க உதவியது. கொல்லத்து நூல் தமிழர் கையில் தமிழாகவே இருந்தது. ஆனால் அந்த மூவரை மறந்துவிட்டு முதலிடம் கொண்டாடுவது நன்றாக இல்லை.

1579 நவம்பர் 14-இல் கொச்சியில் 'கிரிசித்தியானி வணக்கம்' அச்சாயிற்று. 1586-இல் 'அடியார் வரலாறு' வந்தது. புனிதர்களின் வாழ்க்கையைத் திருநாள்களை ஒட்டிச் சொல்லும் பெரிய நூல். இன்ன நாள் இன்னாருக்கு உரியது, அவர் இப்படி வாழ்ந்தார் என்று கடற்கரைக் கோவில்களில் தமிழிலேயே வாசிக்க முடிந்தது அதன் பிறகுதான். நாம் காலைத் திருப்பலியில் அன்றைய புனிதரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்கிறோமே, அந்தப் பழக்கத்துக்கு அச்சில் வயது நானூற்று நாற்பதுக்குக் கிட்ட.

'தம்பிரான் வணக்கம்' படி இப்போது அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. அவ்வளவு தூரம் நாம் போக வேண்டாம். உங்கள் வீட்டுப் பெட்டியில், பரணில், தாத்தா பாட்டியின் பழைய செபப்புத்தகம், பாட்டுப்புத்தகம் ஏதாவது கிடக்கும். முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் புரட்டிப் பாருங்கள். அச்சான ஊரும் ஆண்டும் இருந்தால், யாராவது பென்சிலால் பெயரோ பிறந்த நாளோ எழுதி வைத்திருந்தால், ஒரு தாளில் குறித்து, ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பிறகு பங்கு அலுவலகத்தில் கொடுங்கள். புத்தகத்தைக் கொடுக்க வேண்டாம், அது உங்களிடமே இருக்கட்டும்.