ஆர்க்கேடியா: பாடலைக் கடமையாக்கிய மலைநாடு

கிரேக்க நாட்டின் தென்பகுதியாகிய பெலப்பொனீசஸ் தீபகற்பத்தின் நடுவே மலைகள் சூழ அமைந்தது ஆர்க்கேடியா. உலகக் கவிஞர்களின் உள்ளத்தை இந்நிலப்பெயரைப் போல் ஆட்கொண்டவை மிகச் சிலவே. கி.மு. முதல் நூற்றாண்டில் ரோமானியக் கவிஞர் விர்ஜில், தம் ஆயர் பாடல்களில் இதனை இசைவல்ல இடையர்களின் நாடாகக் காட்டினார். 1504இல் இத்தாலியக் கவிஞர் சன்னசாரோவின் ‘ஆர்க்கேடியா’ அச்சேறியது. 1690இல் ரோம் நகரத்துக் கவிஞர்கள் இப்பெயரிலேயே ஓர் இலக்கியக் கழகம் கண்டனர். உறுப்பினர்கள் இடையர்களின் பெயர்களையே புனைபெயர்களாகச் சூடிக்கொண்டனர். கவலையறியா இன்பநிலம் என்னும் பொருள் அப்பெயருக்கு இவ்வாறு நிலைபெற்றது.

அம்மண்ணிலேயே பிறந்த வரலாற்றாசிரியர் பொலிபியஸ் காட்டும் ஆர்க்கேடியா வேறு. மெகலோபொலிஸ் நகரத்தவரான அவர், கி.மு. 167இல் பிணைக்கைதியாக ரோமுக்குக் கொண்டு செல்லப்பட்டவர். தம் நாட்டைக் குளிரும் இருளும் கடும் உழைப்பும் நிறைந்த நிலமாகவே அவர் எழுதுகிறார். அக்கடுமை மக்கள் மனத்தையும் கல்லாக்கிவிடும் என்று அஞ்சிய முன்னோர், இளமை முதல் முப்பது வயது வரை இசைப்பயிற்சியை அனைவருக்கும் கடமையாக்கினராம். பிற கலைகளை அறியேன் எனல் அங்கு இழுக்கன்று. பாட அறியேன் எனலே இழுக்கு. குளிர் மிகுந்த கைனைத்தா நகரத்தார் இப்பயிற்சியைக் கைவிட்டனர். உட்பகையிலும் படுகொலையிலும் வீழ்ந்தனர். அவர்களுடைய தூதர் வந்து சென்றபின் மான்டினியா நகரத்தார் தம் ஊரையே சடங்கு செய்து தூய்மைப்படுத்தினர் என்கிறார் பொலிபியஸ்.

இம்மலைநாட்டின் கடுமையும் அமைதியும் அதன் தொல்லிடங்களில் ஒருங்கே விளங்குகின்றன. பண்டைய ஆர்க்கேடியாவின் தென்மேற்கு எல்லையில், ஏறத்தாழ 1,130 மீட்டர் உயரத்தில், பாஸ்ஸே என்னுமிடத்து அப்பல்லோ கோயில் தனித்து நிற்கிறது. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டின் இக்கோயில், அந்த மலையின் சாம்பல்நிறச் சுண்ணக்கல்லாலேயே பெரிதும் எழுப்பப்பட்டது. கொள்ளைநோய் நீங்கியமைக்கு நன்றியாக அமைந்தது என்பது பண்டைய பயண நூலாசிரியர் பௌசானியஸ் தரும் செய்தி. அதன் சிற்பவரிசை இன்று இருப்பது லண்டன் மாநகரத்து அருங்காட்சியகத்தில். 1986இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட கோயிலைக் காற்றினின்றும் மழையினின்றும் காக்க, 1987இல் பெருங்கூடாரம் ஒன்று அமைக்கப்பட்டது.

வடக்கே லூசியோஸ் ஆறு ஆழ்ந்த பள்ளத்தாக்கில் ஓடுகிறது. கி.பி. 963இல் தோன்றிய ‘மெய்யறிஞர் மடம்’ அதன் செங்குத்துப் பாறையை ஒட்டி நிற்கிறது. மேலே, மலைமுகட்டில், திமித்சானா என்னும் சிற்றூர். 1764இல் அங்கு ஒரு கல்விக்கூடம் நிறுவப்பட்டது. அதனோடு நூலகமும் வளர்ந்தது. 1821இல் விடுதலைப் போர் மூண்டபோது, நீர்விசையால் இயங்கிய அவ்வூர் ஆலைகள் வெடிமருந்து அரைத்துத் தந்தன. மருந்தைப் பொதிந்து தோட்டாக்களாக்கத் தாள் வேண்டியிருந்தது. நூலகத்தின் நூல்களில் பெரும்பகுதி அதற்காகக் கிழிக்கப்பட்டது.

பாடலின்றி மனிதன் விலங்காவான் என்று நம்பிய நாடே, விடுதலைக்காகத் தன் நூல்களைக் கிழித்துக் கொடுத்தது. வெளியிலிருந்து பாடிய கவிஞர்களுக்கு ஆர்க்கேடியா இளைப்பாறும் சோலை. அங்கேயே வாழ்ந்தவர்களுக்கோ பாடல் இளைப்பாறுதல் அன்று, மனிதராய் நிலைப்பதற்கான உழைப்பு. அந்த உழைப்பே அந்நிலத்தின் மெய்யான அழகு.