புறநகராகும் ஊரில் சேரியின் இடம்

சென்னைக்குத் தெற்கே பழைய மாமல்லபுரம் சாலையிலிருந்து ஏதேனுமொரு கிளைச்சாலையில் திரும்பினால், ஏரிக்கரை, கோயில், ஊர்த்தெரு, அதைத் தாண்டி வயல், வயலுக்கு அப்பால் சேரி என்ற பழைய அமைப்பை இன்றும் அடையாளம் காணலாம். ஊருக்கும் சேரிக்கும் இடையே கிடந்த வயலில் இப்போது நெல் இல்லை. மனைக்கல் நட்டிருக்கிறது, அல்லது அடுக்குமாடிக் குடியிருப்பு எழுந்திருக்கிறது. நகரம் வந்தால் சாதி கரைந்துவிடும் என்ற நம்பிக்கையை உரசிப் பார்க்க இந்த ஊர்களே போதும்.

இங்கே நிலத்தின் கதை 1891 இல் தொடங்குகிறது. அன்றைய செங்கல்பட்டு ஆட்சியர் டிரமென்ஹீர், பறையர் மக்களின் நிலை குறித்து அரசுக்கு ஓர் அறிக்கை அளித்தார். தரிசு நிலத்துக்கு அவர்கள் விண்ணப்பித்தாலும் மிராசுதார்கள் தடுத்துவிடுகிறார்கள். குடியிருக்கும் மனைகூட அவர்களுக்குச் சொந்தமில்லை. அந்த மனையைக் காட்டி மிரட்டியே அடிமைத்தனம் நீடிக்கிறது என்பது அதன் சாரம். 1892 செப்டம்பர் 30 ஆம் நாளிட்ட 1010, 1010-ஏ எண் அரசாணைகளின் வழியே பஞ்சமி நில ஒப்படைப்பு நடைபெற்றது. மாகாணம் முழுவதும் ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர் வழங்கப்பட்டதாகப் பொதுவாகக் கூறப்படுகிறது. முதல் பத்தாண்டுகளுக்கு நிலத்தை விற்கவோ அடகு வைக்கவோ கூடாது. அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே மாற்றலாம். மீறினால் அரசு திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்பவை நிபந்தனைகள்.

நிபந்தனை தாளில் நின்றது, நிலம் கைமாறியது. திருமணச் செலவுக்கும் மருத்துவச் செலவுக்கும் வாங்கிய சிறு கடன் வட்டியில் வளர்ந்து நிலத்தை விழுங்கிய கதையைச் சேரியின் முதியோர் எவரும் சொல்வர். 1979 முதல் 1987 வரை நடைபெற்ற நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் (யு.டி.ஆர்.), அனுபவத்தில் இருந்தவர் பெயரே பட்டாவில் ஏறியது என்பதும், பழைய பதிவேட்டிலிருந்த ‘டி.சி.’ குறிப்பு புதிய பதிவேட்டில் விடுபட்டது என்பதும் நில உரிமை இயக்கங்கள் நெடுங்காலமாகச் சுட்டிக்காட்டும் குறைகள். அதற்குப் பின் வேலை எளிது. பவர் பத்திரம், மனைப்பிரிவு, விளம்பரப் பலகை. வங்கிக் கடனில் மனை வாங்கும் நடுத்தரக் குடும்பத்துக்கு அந்த மண்ணின் வரலாறு தெரிவதே இல்லை. நான்கைந்து கைகள் மாறிய நிலத்தை மீட்பது ஒவ்வோர் ஆண்டும் கடினமாகிறது.

காரணையின் பெயரை இங்கே நினைவுகூர வேண்டும். அவ்வூர்ப் பஞ்சமி நிலத்தை மீட்கக் கோரிய போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நிகழ்ந்த காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவர் உயிரிழந்தனர். புறநகர் விரிவு தொடங்கவிருந்த காலம் அது.

அன்றாட வாழ்வில் மாற்றம் முதலில் தண்ணீராகத்தான் வருகிறது. சேரி பெரும்பாலும் தாழ்ந்த நிலத்தில் அமைந்தது. அது தற்செயல் அன்று. சுற்றியுள்ள மனைகளை மண் கொட்டி உயர்த்தியதும் முன்பு வயல் வாங்கிக்கொண்ட மழைநீர் வீட்டுக்குள் புகுகிறது. அடுத்தது பாதை. வரப்பும் வண்டிப்பாதையும் வழக்கத்தால் வந்த வழிகள், பத்திரத்தில் எழுதப்படாதவை. சுற்றுச்சுவர் எழுந்த நாளில் அவை இல்லாமல் போகின்றன. ஆடுமாடு மேய்ந்த புறம்போக்கும் அவ்வாறே. பின்னர் சுடுகாட்டின் முறை. தலைமுறைகளாகப் பிணம் புதைத்த இடத்துக்கு எதிரே வீடு வாங்கியவர் புகையையும் பறையொலியையும் குறித்து மனு எழுதுகிறார். ஊருக்கெனத் தனிச் சுடுகாடு, சேரிக்கெனத் தனிச் சுடுகாடு என்ற பாகுபாடு மட்டும் எவருடைய மனுவிலும் இடம்பெறுவதில்லை.

வேலையும் மாறுகிறது. நாற்று நட்ட பெண்கள் அடுக்குமாடியில் வீட்டு வேலைக்கும், ஆண்கள் காவல், துப்புரவு, கழிவுநீர்ப் பணிகளுக்கும் செல்கின்றனர். பண்ணையாரின் முன் கைகட்டி நிற்கத் தேவையில்லை என்பது மெய்யான விடுதலைதான், அதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. ஆயினும் துப்புரவுப் பணி எந்தச் சாதியின் தோளில் ஏறுகிறது என்பதில் மாற்றம் இல்லை. நகரத்திலிருந்து அகற்றப்பட்டோரைக் குடியமர்த்திய கண்ணகி நகரும் செம்மஞ்சேரியும் இதே சாலையை ஒட்டியே உள்ளன. அது தனியே எழுதப்பட வேண்டியது.

ஊராட்சி மாநகராட்சியாகும்போது மற்றோர் இழப்பு நேர்கிறது. 2011 இல் சென்னை மாநகராட்சியுடன் 42 உள்ளாட்சிகள் இணைக்கப்பட்டன. அவற்றுள் 25 ஊராட்சிகள். ஊராட்சி மறைந்தால் அதன் தலைவர் பதவியும், சுழற்சியில் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்படும் வாய்ப்பும் மறைகின்றன. மாநகராட்சியிலும் இடஒதுக்கீடு உண்டு. 2022 இல் சென்னை, தாம்பரம் மேயர் பதவிகள் பட்டியல் சாதிப் பெண்களுக்கே ஒதுக்கப்பட்டன. ஆனால் ஒரு சேரியின் வாக்கு, பெரிய வார்டுக்குள் சிறு துளியாகிவிடுகிறது. ஊரக வேலை உறுதித் திட்டம் நகர்ப்புறத்துக்குப் பொருந்தாது என்பதால் அதுவும் நின்றுவிடுகிறது. சொத்து வரி மட்டும் தவறாமல் வருகிறது.

சட்டம் வெறுங்கையாக விடவில்லை. 2015 இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(எஃப்), 3(1)(ஜி) பிரிவுகள் நில ஆக்கிரமிப்பையும் வெளியேற்றத்தையும் குற்றமாக்குகின்றன, 3(1)(இசட்.ஏ) பொதுப்பாதை, சுடுகாடு, நீர்நிலை ஆகியவற்றைப் பயன்படுத்தவிடாமல் தடுப்பதைக் குற்றமாக்குகிறது. இவற்றைப் பயன்படுத்த ஆவணம் வேண்டும். யு.டி.ஆருக்கு முந்தைய ‘அ’ பதிவேடு, செட்டில்மெண்ட் பதிவேடு, கிராம வரைபடம் ஆகியவற்றின் நகல்களைத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டுப் பெறலாம். ஊராட்சி இருக்கும்போதே வண்டிப்பாதை, சுடுகாடு, மேய்ச்சல் நிலம் ஆகியவற்றைப் புல எண்ணுடன் குறிப்பிட்டுக் கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றிவைப்பது நல்லது. இணைப்பு அரசாணை வந்தபின் அந்த ஊருக்குக் கிராம சபை இராது.