பைப் உடைஞ்சா முதல்ல எதை மூடணும்? பிளம்பர் வரும்வரை செய்ய வேண்டியவை, செய்யவே கூடாதவை!

ராத்திரி 11 மணிக்கு பாத்ரூம் பைப் உடைந்து தண்ணீர் பீய்ச்சி அடித்தால், பெரும்பாலான வீடுகளில் முதலில் நடப்பது பிளம்பருக்கு போன் போடுவதுதான். அவர் போனை எடுத்து, கிளம்பி, வந்து சேர எப்படியும் நேரமாகும். 1,000 லிட்டர் டேங்கில் இருந்து நிமிடத்துக்கு 20 லிட்டர் வீதம் வெளியேறினால், 50 நிமிடத்தில் டேங்க் காலி. அவ்வளவு தண்ணீரும் வீட்டுக்குள்தான் நிற்கும். அதனால் முதல் 5 நிமிடம் வீட்டில் இருப்பவர் கையில்தான் இருக்கிறது. அந்த நேரத்தில் என்ன செய்யலாம், எதைத் தொடவே கூடாது, எப்போது பிளம்பரை அழைக்க வேண்டும்? பார்க்கலாம்.

முதல் 5 நிமிடம்: இந்த வரிசையை மறக்காதீங்க

1. மோட்டாரை நிறுத்துங்கள். ஆட்டோமேட்டிக் மோட்டார் உள்ள வீடுகளில் இது ரொம்ப முக்கியம். மாடி டேங்க் காலியாகக் காலியாக மோட்டார் தானாக ஓடி, சம்ப்பில் இருக்கும் தண்ணீரையும் மேலே ஏற்றிவிடும். உடைந்த பைப் வழியாக அதுவும் வீட்டுக்குள் வரும்.

2. வால்வை மூடுங்கள். கசிவு வாஷ்பேசின், ஃப்ளஷ் டேங்க், கீசர் பக்கம் என்றால் அதன் அருகில் இருக்கும் ஆங்கிள் காக்கை மூடினாலே போதும். சுவருக்குள் இருக்கும் பைப் என்றால், மாடி டேங்கில் இருந்து கீழே இறங்கும் லைனின் வால்வை மூட வேண்டும்.

3. கரண்ட்டை நிறுத்துங்கள். சுவிட்ச் போர்டு இருக்கும் சுவர் நனைந்தால், அந்த அறைக்கான எம்சிபியை இறக்குங்கள். கை ஈரமாக இருந்தாலோ, காலடியில் தண்ணீர் நின்றாலோ எந்த சுவிட்சையும் தொடக்கூடாது. மெயின் போர்டே நனைந்திருந்தால் அதன் பக்கம் போகாமல், மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-ஐ அழைத்துச் சொல்லுங்கள்.

4. கீழ்த்தளக் குழாய்களைத் திறந்துவிடுங்கள். வால்வை மூடிய பிறகும் பைப்புக்குள் தண்ணீர் மிச்சம் இருக்கும். கீழே உள்ள குழாயைத் திறந்தால் அது அந்த வழியாக வடிந்துவிடும். வால்வு மூடவே முடியாத நிலையிலும் இது உதவும். உடைந்த இடத்தில் அழுத்தம் குறையும்.

ஃபேர்லேண்ட்ஸ் மாதிரி ஏரியாவில் ஒரு வால்வு போதாது

சேலம் ஃபேர்லேண்ட்ஸ், அழகாபுரம் பகுதிகளில் பழைய தனி வீடுகளும் புதிய அபார்ட்மென்ட்களும் பக்கத்துப் பக்கத்திலேயே இருக்கின்றன. மேட்டூரில் இருந்து வரும் மாநகராட்சியின் காவிரித் தண்ணீர் ஒரு லைன், போர் தண்ணீர் இன்னொரு லைன் என இரண்டும் உள்ள வீடுகளில் குழப்பம் இங்கேதான் தொடங்கும். நல்ல தண்ணி லைன் உடைந்திருக்கும்போது போர் தண்ணீர் வால்வை மூடினால் ஒரு பயனும் இல்லை. எந்த வால்வு எந்த லைனுக்கு என்று பெயின்ட்டில் எழுதி வைப்பது 10 நிமிட வேலை.

வால்விலும் இரண்டு வகை உண்டு. நீளமான கைப்பிடி உள்ளது பால் வால்வு. கைப்பிடி பைப் போகும் திசையிலேயே இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே இருந்தால் மூடியிருக்கிறது. வட்டமான பிடி உள்ளது கேட் வால்வு. கடிகாரம் சுற்றும் திசையில் பல சுற்று சுற்றினால்தான் மூடும்.

போர் தண்ணீர் உப்பாக, கடினமாக இருக்கும் வீடுகளில் கேட் வால்வுக்குள் உப்புப் படிந்து இறுகிவிடும். வருஷக்கணக்கில் தொடாத வால்வை அவசரத்தில் ரெஞ்ச் போட்டு முறுக்கினால் உள்ளே இருக்கும் ஸ்பிண்டில் உடைந்து, இருக்கிற வழியும் போய்விடும். 3 மாதத்துக்கு ஒருமுறை எல்லா வால்வையும் மூடித் திறந்து பார்ப்பதுதான் இதற்கு மருந்து.

அபார்ட்மென்ட் என்றால், உங்கள் வீட்டுக்கான வால்வு மொட்டை மாடியில் இருக்கிறதா, டக்ட்டில் இருக்கிறதா என்பதையும், மாடிக் கதவுச் சாவி யாரிடம் இருக்கிறது என்பதையும் செயலாளரிடம் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்களே சமாளிக்கக்கூடியவை

சொட்டும் குழாய்: பெரும்பாலும் வாஷர் அல்லது உள் ஸ்பிண்டில் தேய்ந்திருக்கும். ஆங்கிள் காக்கை அல்லது அந்த லைன் வால்வை மூடிவிட்டு மாற்றலாம். நொடிக்கு ஒரு சொட்டு, ஒரு சொட்டு கால் மில்லி என்று வைத்தாலும் ஒரு நாளைக்கு 86,400 சொட்டு. 21 லிட்டருக்கு மேல் வீண்.

இணைப்பில் கசிவு: மரை உள்ள இடத்தில் கசிந்தால், தண்ணீரை நிறுத்தி, கழற்றி, துடைத்து, டெஃப்லான் டேப்பை மரை ஏறும் திசையிலேயே சுற்றி மாட்டலாம்.

பைப்பில் சின்ன விரிசல்: தற்காலிகமாக பழைய சைக்கிள் டியூப்பை வெட்டி இறுக்கிச் சுற்றி, கம்பியால் கட்டலாம். எம்-சீல் போடுவதாக இருந்தால் தண்ணீரை நிறுத்தி, அந்த இடம் நன்றாகக் காய்ந்த பிறகே போட வேண்டும். ஈரத்தில் அது ஒட்டாது. இரண்டுமே பிளம்பர் வரும்வரைதான்.

ஃப்ளஷ் டேங்க் சந்தேகம்: டேங்குக்குள் கொஞ்சம் காபி டிகாஷன் ஊற்றி 15 நிமிடம் ஃப்ளஷ் செய்யாமல் விடுங்கள். கோப்பையில் நிறம் தெரிந்தால் உள்ளே கசிகிறது என்று அர்த்தம்.

சிங்க் அடைப்பு: பாத்திரம் கழுவும் இடத்தில் அடைப்புக்குக் காரணம் பெரும்பாலும் எண்ணெய்ப் பிசுக்கும் சாதமும்தான். கீழே ஒரு வாளி வைத்து, சிங்க்குக்கு அடியில் உள்ள பாட்டில் டிராப்பைக் கையால் கழற்றிக் கழுவலாம். சரியாகவில்லை என்றால் ரப்பர் பிளஞ்சர்.

ஒரு எச்சரிக்கை: அடைப்பு எடுக்க ஆசிட் ஊற்றிவிட்டு, அது போதவில்லை என்று பிளீச்சிங் பவுடரையும் போடாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். ஜன்னல் சின்னதாக இருக்கும் பாத்ரூமில் அது உயிருக்கே ஆபத்து.

கீசர் விஷயத்தில் விளையாட வேண்டாம்

கீசர் சூடாகும்போது அதன் சேஃப்டி வால்வில் ஓரிரு சொட்டு விழுவது இயல்பு. சொட்டுகிறதே என்று அதை அடைக்கக் கூடாது. உள்ளே கூடும் அழுத்தம் வெளியேற அது ஒன்றுதான் வழி. குழாயைத் திறந்தால் ஆவியாக வருகிறது, கீசர் தானாக ஆஃப் ஆகவில்லை, தண்ணீரைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது என்றால் எம்சிபியை இறக்கிவிட்டு மெக்கானிக்கை அழையுங்கள். மூடியைக் கழற்றிப் பார்க்க வேண்டாம்.

குழாய்த் தண்ணீரில் சாக்கடை வாடை வந்தால்?

உடனே சம்ப்புக்குப் போகும் வால்வை மூடுங்கள். அந்தத் தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ பயன்படுத்தாமல் மாநகராட்சிக்குப் புகார் கொடுங்கள். தெருவில் உள்ள மெயின் பைப் உடைந்திருந்தாலும் அது மாநகராட்சியின் வேலை. வீட்டு பிளம்பர் அதில் கை வைக்கக் கூடாது.

தண்ணீர் மெதுவாக வருகிறது என்று மாநகராட்சி லைனில் நேரடியாக மோட்டார் மாட்டி உறிஞ்சுவது சட்டவிரோதம் மட்டுமல்ல. பைப்பில் எங்காவது விரிசல் இருந்தால், மோட்டார் இழுக்கும் வேகத்தில் பக்கத்துச் சாக்கடைத் தண்ணீரும் உள்ளே வரும். அது உங்கள் வீட்டுக்கும் வரும், பக்கத்து வீட்டுக்கும் போகும்.

இறங்கவே கூடாத இடம்

செப்டிக் டேங்க். அடைப்பு எடுக்கவோ, விழுந்த பொருளை எடுக்கவோ, 'ஒரே நிமிஷம்தான்' என்றோ யாரும் உள்ளே இறங்கக் கூடாது. மலம் மக்கும்போது உருவாகும் ஹைட்ரஜன் சல்பைடு, மீத்தேன் வாயுக்கள் உள்ளே தேங்கியிருக்கும். ஆக்சிஜனும் குறைவாக இருக்கும். ஹைட்ரஜன் சல்பைடு அதிகமானால் மூக்கு மரத்துப்போகும் என்பதால், வாடை இல்லை என்பதை வைத்து பாதுகாப்பு என்று முடிவு செய்ய முடியாது. ஒருவர் மயங்கியதும் அவரைக் காப்பாற்ற இறங்குபவரும் பலியாவதால்தான், ஒரே தொட்டியில் இரண்டு மூன்று பேர் இறந்த செய்திகள் வருகின்றன.

யாராவது உள்ளே மயங்கிவிட்டால் பின்னாலேயே இறங்காதீர்கள். 112 அல்லது தீயணைப்புத் துறையின் 101-க்கு அழையுங்கள். நீண்ட நாள் மூடியே கிடந்த தண்ணீர் சம்ப்பிலும் காற்றோட்டம் இருக்காது. அதிலும் தனியாக இறங்கக் கூடாது.

2013-ம் ஆண்டு சட்டப்படி, பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் ஒருவரை செப்டிக் டேங்கிலோ சாக்கடையிலோ இறக்கி சுத்தம் செய்ய வைப்பது குற்றம். முதல் முறையே 2 ஆண்டு வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். வீட்டு உரிமையாளருக்கும் இது பொருந்தும். இப்படி நடக்கும் மரணங்களுக்கான இழப்பீட்டை 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. செப்டிக் டேங்க் நிரம்பினால், உரிமம் பெற்ற கழிவுநீர் லாரியை வைத்தே எடுக்க வேண்டும். இதற்கான உதவி எண் 14420.

பிளம்பரை எப்போது கூப்பிடணும்?

* வால்வை மூடிய பிறகும் தண்ணீர் நிற்கவில்லை
* சுவர், சீலிங்கில் ஈரம் பரவுகிறது. கசியும் இடம் தெரியவில்லை
* எந்தக் குழாயும் திறக்காமல் இரவில் டேங்க் அளவு குறைகிறது
* ஒரே நேரத்தில் சிங்க், பாத்ரூம், டாய்லெட் எல்லாம் அடைக்கிறது. இது பெரும்பாலும் வெளியே சேம்பரிலோ மெயின் லைனிலோ உள்ள அடைப்பு
* சிபிவிசி பைப்பை வெட்டி ஒட்ட வேண்டியிருக்கிறது
* மேல் வீட்டுத் தண்ணீர் உங்கள் வீட்டுக்குள் இறங்குகிறது

அழைக்கும்போது கசியும் இடத்தை வீடியோ எடுத்து அனுப்புங்கள். பைப் அளவும் வகையும் தெரிந்தால், தேவையான சாமான்களோடு வருவார். வந்து பார்க்க எவ்வளவு, சாமான் தனியா, டைல்ஸ் உடைத்தால் பூசித் தருவாரா என்பதை வேலை தொடங்கும் முன்பே பேசிவிடுங்கள். வேலை முடிந்ததும் வால்வைத் திறந்து, அவர் கிளம்பும் முன்பே கசிவு நின்றதா என்று பாருங்கள். சிபிவிசி பசை போட்டிருந்தால் அவர் சொல்லும் நேரம் வரை தண்ணீரைத் திறக்க வேண்டாம்.

வீட்டில் ஒரு ரெஞ்ச், டெஃப்லான் டேப் 2, ஒரு எண்ட் கேப், டார்ச், ரப்பர் பிளஞ்சர் இருந்தால் பாதிப் பதற்றம் குறையும். வால்வு இருக்கும் இடத்தை வீட்டில் எல்லோருக்கும் காட்டி வையுங்கள். பைப் உடையும்போது வீட்டில் தாத்தா பாட்டி மட்டும்கூட இருக்கலாம்.