வருமுன் கேட்ட செய்தி: திருகோணமலை, 1942

திருகோணமலையிற் சீனன்குடாப் பக்கம் நிற்கும் பழைய எண்ணெய்த் தாங்கிகளை உங்களிற் பலர் கண்டிருப்பீர்கள். 1942ஆம் ஆண்டு ஏப்பிரல் 9ஆம் நாட் காலை யப்பானிய விமானங்கள் அங்கே குண்டு பொழிந்த கதையும் முதியோர் வாயிலாகச் சிலருக்கு எட்டியிருக்கும். பகைவர் வருகின்றனர் என்னும் செய்தி அதற்கு முன்னரே கம்பியில்லாத் தந்தி வழியே இலங்கைக்குக் கிடைத்திருந்தது, அதுவும் ஒருமுறையன்று.

சிங்கப்பூர் வீழுமுன் கொழும்புக்கு இடம்பெயர்ந்த பிரித்தானிய உளவுக் குழுவொன்று, பெம்புறோக் கல்லூரிக் கட்டடத்தில் அமர்ந்து யப்பானியக் கடற்படையின் மறைமொழித் தந்திகளை ஒட்டுக்கேட்டு ஆராய்ந்து வந்தது. ஏப்பிரல் முதலாந் தேதியளவில் இலங்கை தாக்கப்படும் என்று மார்ச்சு இறுதியில் அக்குழு கணித்தது. கப்பற்படைத் தலைவர் சேர் ஜேம்ஸ் சோமர்வில் அதனை நம்பினார். தம் கப்பல்களை இலங்கைக்குத் தெற்கே திரட்டி, மார்ச்சு 31 முதல் ஏப்பிரல் 2 வரை காத்திருந்தார். எவரும் வரவில்லை. பழைய போர்க்கப்பல்களில் நன்னீரும் குறைந்தது. கணிப்புப் பிழை என்றே அவர் முடிவு செய்தார். படையின் பெரும்பகுதி மாலைதீவின் அட்டுத் தீவுகளுக்குச் சென்றது. டொர்செற்ஷயர், கோர்ன்வால் ஆகிய இரு போர்க்கலங்கள் கொழும்புக்கும், விமானந்தாங்கிக் கப்பலாகிய ஹேர்மெஸ் திருகோணமலைக்கும் அனுப்பப்பட்டன. உண்மையிற் பிழைத்தது நாள் மட்டுமே.

ஏப்பிரல் 4 பிற்பகல், கொக்கலையிலிருந்து சென்ற கற்றலீனா விமானமொன்று, தேவேந்திரமுனைக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 360 மைல் தொலைவிற் பகைக் கப்பல்களைக் கண்டது. அதனைச் செலுத்தியவர் லியனாட் பேர்ச்சல் என்னும் கனடியர். அவர் அனுப்பிய செய்தி முற்றுப்பெறுமுன் விமானம் வீழ்த்தப்பட்டது. அரைகுறையாக வந்த அச்செய்தி போதுமாயிருந்தது. கொழும்புத் துறைமுகத்திலிருந்து பல கப்பல்கள் விலகின. ஆயினும் படையுடன் சேர விரைந்த அவ்விரு போர்க்கலங்களும் மறுநாள், உயிர்த்த ஞாயிறன்று, நடுக்கடலில் மூழ்கின. மாண்டோர் 424 பேர்.

பெம்புறோக்கிலிருந்து வந்தது பிழைபடக்கூடிய கணிப்பு. பேர்ச்சல் அனுப்பியது குறுகியதாயினும் கண்ணாற் கண்ட உண்மை. கம்பியில்லாச் செய்தி வலைகளை இன்று ஆராயும் கணினி அறிஞர்களும் இவ்விரண்டையும் பிரித்தே பேசுகின்றனர்: சில இலக்கங்களேயாயினும் தவறாததை அறிவுரை என்றும், தவறக்கூடியதை முன்கணிப்பு என்றும். ஒரே அலைவரிசையில் இருவர் ஒருங்கே பேசினால் இருவர் சொல்லும் கெடும். 1971இல் ஹவாய்த் தீவுகளில் அமைந்த கணினி வலையில் எழுந்த சிக்கலும் இதுவே. நூறு நிலையங்கள் பேசக் காத்திருந்தால், ஒவ்வொன்றும் நூற்றில் ஒரு வாய்ப்பளவே வாய் திறத்தல் நன்று. எத்தனை நிலையங்கள் என்பது தெரியாவிடின் இரண்டு, நான்கு, எட்டு என்று ஊகங்களை அடுக்கிச் சோதிக்க வேண்டும். ஆயிரம் வரை போகப் பத்துப் படிகள். முன்கணிப்பு இருப்பின் அதிலிருந்தே தொடங்கலாம். அது பொய்யானாற் கெட்டுப்போகாதிருக்க, ஒரு தடவை கணிப்பின்படியும் மறுதடவை பழைய முறைப்படியும் மாறி மாறிப் பேசுவர். கணிப்பு முழுதும் பொய்த்தாலும் காலம் இருமடங்களவே நீளும். சோமர்விலுக்கு இத்தகைய இரண்டாம் வழி இருக்கவில்லை. காத்திருத்தலும் கலைந்து போதலுமே இருந்தன. நன்னீரும் எண்ணெயும் தீரும் கப்பல்களுடன் கடலில் நின்றவரை, நாம் இன்று கரையிலிருந்து குறை சொல்வது எளிது.

ஏப்பிரல் 8இல் மற்றொரு கற்றலீனா, பகைப்படை இலங்கைக்குக் கிழக்கே இருப்பதை அறிவித்தது. இம்முறை எவரும் ஐயுறவில்லை. அன்றிரவே திருகோணமலைத் துறைமுகத்திலிருந்து கப்பல்கள் வெளியேறின. ஹேர்மெஸ், வம்பயர் என்னும் நாசகாரிக் கப்பலுடன் கரையோரமாகத் தெற்கே போயிற்று. மறுநாட் காலை ஏழரை மணியளவிற் குண்டுகள் விழுந்தபோது துறைமுகம் பெரும்பாலும் வெறுமையாயிருந்தது. விமானத் தளமும் எஞ்சிய சில கலங்களும் சேதமடைந்தன. எண்ணெய்த் தாங்கியொன்று தீப்பற்றி எரிந்தது.

ஆனால் மட்டக்களப்புக்கு அப்பாற் சென்றிருந்த ஹேர்மெசை யப்பானிய வேவு விமானமொன்று கண்டுவிட்டது. அதன் தளத்தில் ஒரு விமானமேனும் இல்லை. திருகோணமலைக்குத் திரும்புமாறு ஆணை கிடைத்து, அது வடக்கே விரைந்துகொண்டிருந்தபோதே குண்டு விமானங்கள் வந்து சூழ்ந்தன. காப்புக்கென அனுப்பப்பட்ட விமானங்கள் வருமுன் எல்லாம் முடிந்தது. ஹேர்மெசில் 307 பேரும் வம்பயரில் 9 பேரும் மாண்டனர். அவ்வழியே சென்ற வீற்றா என்னும் மருத்துவக் கப்பல், நீரில் மிதந்த ஏறத்தாழ 600 பேரை ஏற்றிக்கொண்டு கொழும்புக்குச் சென்றது.