குவளை, பனியன், பேருந்து: நம் ஊர் அரட்டைக்கும் ஒரு வரலாறு உண்டு

விலைவாசி, தேர்தல், கிரிக்கெட். இராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் காலையில் எந்தத் தேநீர்க்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்தாலும் இந்த மூன்றில் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். தக்காளி விலையில் தொடங்குவார்கள், சத்திரப்பட்டி பேண்டேஜ் தறிகளுக்கு வரும் நூல் விலைக்குப் போவார்கள், அங்கிருந்து முந்தைய நாள் மேட்சுக்குத் தாவுவார்கள். "இங்கு அரசியல் பேசாதீர்" என்று எழுதிப் போட்ட கடையில்தான் அரசியல் சத்தம் அதிகமாகக் கேட்கும்.

இதைச் சாமானியர்களின் நாடாளுமன்றம் என்று பெருமையாக எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். சமூகவியல் வகுப்பில் எங்களுக்கு ஹேபர்மாஸ் பாடம் இருந்தது. லண்டன் காபிக் கடைகளில் அந்தஸ்து பார்க்காமல் உட்கார்ந்து பேசியதிலிருந்து 'பொதுவெளி' பிறந்தது என்பது அவர் வாதம். படிக்க நன்றாகத்தான் இருந்தது. நம் ஊர்க் கடைக்கு அதைப் பொருத்திப் பார்க்கும்போது ஒரு கேள்வி வந்து நிற்கிறது: பெஞ்சில் யார் உட்கார்ந்தார்கள், யார் நின்றுகொண்டு குடித்தார்கள், யாருடைய குவளை தனியாகக் கூரையில் செருகியிருந்தது?

விலைவாசியை எடுத்துக்கொள்வோம். சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக 1949 முதல் 1952 வரை இருந்தவர் இராஜபாளையத்துக்காரரான பி.எஸ். குமாரசுவாமி ராஜா. உணவுப் பஞ்சமும் ரேஷனும் மக்களை வாட்டிய காலம் அது. 1952 தேர்தலில் மொத்தமுள்ள 375 இடங்களில் காங்கிரசுக்கு 152தான் கிடைத்தது. முதலமைச்சரே தோற்றார். அடுத்து வந்த ராஜாஜி அந்த ஜூன் மாதத்திலேயே உணவுக் கட்டுப்பாட்டை நீக்கினார். பதினைந்து ஆண்டு கழித்து, 1967இல், ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற முழக்கம் ஆட்சியை மாற்றியது. பக்கத்து விருதுநகரில் காமராசர் 1,285 வாக்கில் ஒரு மாணவர் தலைவரிடம் தோற்றார். அரிசி விலை ஆட்சியைக் கவிழ்க்கும் என்பது நம் பகுதிக்குப் புதுப்பாடம் இல்லை.

ஆனால் ஊர்த்தெருவில் 'விலை' என்று பேசப்பட்டது, சேரியில் 'கூலி' என்று பேசப்பட்டது. நிலமில்லாதவனுக்கு அரிசி என்ன விலை என்பது இரண்டாவது கேள்வி. இன்றைக்கு வேலை உண்டா, எத்தனை படி அளப்பார்கள் என்பதுதான் முதல் கேள்வி. அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டதில் முற்றிய பகை, 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 உயிர்களை ஒரு குடிசைக்குள் எரித்தது. படியரிசி முழக்கத்தால் வந்த ஆட்சி அப்போது இரண்டாம் ஆண்டில் இருந்தது.

இன்றும் இந்தப் பிளவு பெஞ்சில் கேட்கும். ரேஷன் அரிசி 2008இல் கிலோ ஒரு ரூபாய்க்கு வந்தது, 2011 முதல் விலையில்லாமல் வருகிறது. அன்றிலிருந்து ஒரு புலம்பலும் சேர்ந்துகொண்டது: "அரிசியச் சும்மா குடுத்து எல்லாரையும் சோம்பேறி ஆக்கிட்டாங்க, வேலைக்கு ஆளே வரமாட்டேங்குது." நூறுநாள் வேலைக்கு 2025-26இல் தமிழ்நாட்டில் அறிவித்த நாட்கூலி 336 ரூபாய். அதுவும் மாதக்கணக்கில் நிலுவை நின்றது. அதைக் காட்டித்தான் இந்தப் புலம்பல். கூப்பிட்ட நேரத்துக்கு, சொன்ன கூலிக்கு வந்து நின்ற ஆள் இப்போது 'வரமாட்டேன்' என்று சொல்ல முடிகிறது. எரிச்சல் அங்கேதான், அரிசியில் இல்லை.

இனி கிரிக்கெட். இந்தியப் பனியனில் கொடி இருக்கலாமா என்பதே ஒரு காலத்தில் சட்டப் பிரச்சினை. தேசிய மரியாதைக்கு அவமதிப்பு தடுப்புச் சட்டம் வந்தது 1971இல். 2005இல் அதைத் திருத்தி, இடுப்புக்கு மேலே அணியும் உடையில் கொடி இருக்கலாம், கீழே கூடாது என்று வரையறுத்தார்கள். கொடி உடம்பில் எந்த இடத்தில் இருக்க வேண்டும் என்று இவ்வளவு கவலைப்பட்ட நாட்டில், தோளில் துண்டு போட்டதற்காக அடிவாங்கிய மக்களும் இருந்தார்கள் என்பதையும் சேர்த்து வாசியுங்கள்.

இந்தியக் கிரிக்கெட்டின் முதல் பெரிய பந்துவீச்சாளர் பல்வங்கர் பாலு. சாமர் சாதியில் பிறந்த தலித். புனேயில் வெள்ளையர் கிளப்பில் மைதானப் பணியாளராக இருந்து, வலையில் பந்து போட்டுப் போட்டுத் தேறியவர். புனே இந்துக்கள் அணிக்கு அவருடைய இடதுகை வேண்டியிருந்தது. மைதானத்தில் அவர் தொட்ட பந்தை எல்லோரும் தொட்டார்கள். தேநீர் இடைவேளை வந்தால் மற்றவர்களுக்குள்ளே பீங்கான் கோப்பை, அவருக்கு வெளியே மண்குவளை, குடித்ததும் தூக்கியெறிவதற்கு. 1911 இங்கிலாந்துப் பயணத்தில் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்துத் திரும்பினார். இந்துக்கள் அணியின் தலைவர் பதவி கடைசிவரை அவருக்குத் தரப்படவில்லை. தம்பி விட்டல்தான் 1923இல் அதை அடைந்தார். 1937 தேர்தலில் அம்பேத்கரை எதிர்த்துக் காங்கிரஸ் நிறுத்தியது இதே பாலுவைத்தான். பாலு தோற்றார். இந்த ஒரு செய்தியை மட்டும் வைத்து அவரைத் தூற்றுவது நம்மில் சிலரின் வழக்கம். எங்களுக்கு அதில் உடன்பாடில்லை. அந்த மண்குவளையைக் கையில் வாங்கியபடியே விளையாடி ஜெயித்த மனிதர் அவர்.

அந்த மண்குவளை எங்கும் போய்விடவில்லை. இரட்டைக் குவளை குற்றம் என்று 1955 சட்டமும் 1989 சட்டமும் சொன்ன பிறகு, பல ஊர்களில் சேரிக்காரருக்கு மட்டும் காகிதக் கப் நீட்டப்பட்டது. கேட்டால் 'சுத்தம்' என்பார்கள். பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பை 2019 ஜனவரி 1 முதல் அரசு தடைசெய்தது சுற்றுச்சூழலுக்காக. அது வேறு கதை.

2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக மூன்று கோல் போட்டார் வந்தனா கட்டாரியா. ஒலிம்பிக் ஹாக்கியில் ஹாட்ரிக் போட்ட முதல் இந்தியப் பெண் அவர்தான். நான்கு நாள் கழித்து அரையிறுதியில் அர்ஜென்டினாவிடம் இந்தியா தோற்றது. ஹரித்வார் அருகே ரோஷ்னாபாத்தில் அவர் வீட்டின் முன்னால் பட்டாசு வெடித்து ஆடினார்கள். அணியில் தலித்துகள் அதிகமானதால்தான் தோற்றோம் என்று ஏசியதாகக் குடும்பத்தார் புகார் கொடுத்தார்கள். நாடு தோற்றதைக் கொண்டாடியவர்கள் யாரும் அன்று தேசத்துரோகி எனப்படவில்லை.

நம் பக்கத்துக்கு வருவோம். 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் தூத்துக்குடி மாவட்டத்து மணத்தி கணேசன் இருந்தார். மாரி செல்வராஜின் 'பைசன்' வந்தபிறகு இளைஞர்கள் பலருக்கு அவரைத் தெரியும். அந்தத் தங்கம் வந்து ஓராண்டு ஆவதற்குள், 1995 ஜூலையில், சங்கரன்கோவில் பக்கம் வீரசிகாமணியில் பேருந்து ஓட்டுநருக்கும் தலித் மாணவர்களுக்கும் நடந்த தகராறு தென்மாவட்டக் கலவரமாக மூண்டது. ஆகஸ்ட் 31 அன்று கொடியன்குளத்துக்குள் போலீஸ் படை புகுந்து வீடுகளைச் சூறையாடியது. ஊர்க் கிணற்றில் நஞ்சு கலந்தார்கள்.

பேருந்து என்ற இடத்தைக் கவனியுங்கள். தேநீர்க்கடையில் தனிக்குவளை வைக்க முடியும். அரசுப் பேருந்தில் தனி இருக்கை வைக்க முடியாது; டிக்கெட் எடுத்தவர் உட்காரலாம். ஆகவே மோதல் அங்கே வந்து நின்றது. 1997 கோடையில் அது நம் இரண்டு ஊர்களுக்கும் வந்தது.

அப்போது போக்குவரத்துக் கழகங்களுக்கெல்லாம் பெயர்கள் இருந்தன: பாண்டியன், சேரன், சோழன், கட்டபொம்மன், மருதுபாண்டியர், ராணி மங்கம்மாள். விருதுநகரைத் தலைமையிடமாக வைத்து ஒரு புதிய கழகம் அமைத்த கலைஞர் அரசு, அதற்கு வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரை வைத்தது. கட்டபொம்மனின் படைத்தளபதி, கவர்னகிரிக்காரர், தேவேந்திரகுலத்தில் பிறந்தவர். 1799 போரில் வெள்ளையரின் வெடிமருந்துக் கிடங்கைத் தகர்த்து உயிரைக் கொடுத்தவர் என்று மக்கள் வழக்கு போற்றுகிறது.

அந்தப் பெயர் எழுதிய பேருந்தில் ஏறமாட்டோம் என்றார்கள் ஆதிக்க சாதியினர். பேருந்துகள் கல்லெறியப்பட்டன. இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரங்களில் கலவரம் வெடித்தது, உயிர்கள் போயின, சேரிகள் எரிந்தன. தளபதியின் தலைவன் கட்டபொம்மன் பெயரில் நெல்லையிலிருந்து பேருந்து ஓடியபோது யாரும் இறங்கி நடக்கவில்லை. ஒரே போரில் நின்ற இருவர். ஒருவர் பெயர் பொதுச்சொத்து, இன்னொருவர் பெயர் தீட்டு. இத்தனைக்கும் அந்த ஆண்டுகளில் இராஜபாளையம் தனித்தொகுதி. சட்டமன்றத்தில் நம் ஆள் உட்காரலாம், பேருந்தின் நெற்றியில் நம் பெயர் உட்காரக்கூடாது. (2008 மறுசீரமைப்பில் இராஜபாளையம் பொதுத்தொகுதியாகி, ஸ்ரீவில்லிபுத்தூர் தனித்தொகுதியானது. 'நம்ம ஊரு ரிசர்வு ஆயிருச்சே' என்ற முணுமுணுப்பும் அதோடு இங்கிருந்து அங்கே குடிபெயர்ந்தது.)

கலவரம் அடங்கும் முன்பே ஜூன் 30 வந்தது. மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடனிருந்த ஐவரும் மதுரையில் ஆட்சியரைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் பேருந்தை மறித்து வெட்டிக் கொல்லப்பட்டார்கள்.

ஜூலையில் அரசு முடிவெடுத்தது: எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும், எல்லா மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்கள் நீக்கப்படும். காமராசர் மாவட்டம் விருதுநகர் மாவட்டமானது. பாண்டியனும் சேரனும் போனார்கள். பார்வைக்கு இது சமநீதி. ஆனால் நடந்தது என்ன? ஒரு தலித்தின் பெயரை ஏற்பதைவிட எல்லாப் பெயர்களையும் இழப்பது மேல் என்று ஒரு சமூகம் காட்டியது, அரசு அதற்குப் பணிந்தது. அமைதி வேண்டித்தான் செய்தார்கள் என்ற வாதத்தை நாங்கள் ஒதுக்கவில்லை. அந்த மாதங்களில் பிணங்கள் விழுந்துகொண்டிருந்தன. ஆனாலும் கல்லெறிந்தவர்களைச் சட்டத்தால் எதிர்கொண்டு பெயரை நிலைநிறுத்தும் வழி ஒன்று இருந்தது. அந்த வழியில் அரசு போகவில்லை.

இன்று நாம் ஏறும் பேருந்தில் 'தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம்' என்று மட்டும் இருப்பது ஏன் என்று கல்லூரி மாணவர்களிடம் கேட்டால் பெரும்பாலும் பதில் வருவதில்லை. உங்கள் தெருவில் ஐம்பது வயதைத் தாண்டிய அக்கா, மாமா யாரிடமாவது கேளுங்கள். 1997இல் எந்த வழியாக வேலைக்குப் போனார்கள், எத்தனை நாள் போகவில்லை, அந்த வாரங்களில் அரிசிக்கு என்ன செய்தார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். விலைவாசியின் வரலாறும் அதற்குள் இருக்கும்.

2025 மார்ச்சில் ஸ்ரீவைகுண்டம் பக்கம், தேர்வு எழுதப் பேருந்தில் போய்க்கொண்டிருந்த பதினோராம் வகுப்பு தலித் மாணவரை வழிமறித்து, கீழே இழுத்துப்போட்டு விரல்களை வெட்டினார்கள். அதற்குமுன் நடந்த ஒரு கபடிப் போட்டியில் அவருடைய அணி ஜெயித்திருந்தது, அந்த ஆத்திரம்தான் காரணம் என்றார்கள் குடும்பத்தார்.